பூதம் பார்த்த குருகு

வகுப்பில் அவளுக்குப் 'பூதம்' என்று பெயர். ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஒல்லிக்குச்சி உடம்பு, அதில் பாதி கனத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி. 'பூதக்கண்ணாடி' என்று வைத்த பட்டம் தேய்ந்து பூதமாகிவிட்டது. அவளும் கூப்பிட்டால் "என்ன?" என்று திரும்பப் பழகிவிட்டாள்.

அவளுக்குப் பறவைகள் என்றால் உயிர். ஆனால் பள்ளிப் பறவைக் குழுவின் பழைய பைனாகுலர் அவளுக்கு எதிரி. அதைக் கண்ணில் வைத்தால் சுற்றிலும் ஒரே கறுப்பு, நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெளிச்சம். கண்ணாடியைக் கழற்றினாலோ, பறவை எந்தக் கிளையில் இருக்கிறது என்றே தெரியாது. மாட்டிக் கழற்றி மாட்டுவதற்குள் பறவை பறந்திருக்கும்.

"நீ பேசாம நோட்டுல எழுது. நாங்க பார்த்துச் சொல்றோம்" என்றான் குழுவின் கேப்டன். அவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். பூதம் எழுதினாள். மற்றவர்கள் பார்த்த பறவைகளை எல்லாம் எழுதினாள்.

அந்த வருடம் ஏரியில் பறவைக் கணக்கெடுப்பு வந்தது. புது பைனாகுலர் ஒன்று வாங்கப் பள்ளி சம்மதித்தது. அறிவியல் டீச்சர் கேப்டனைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

"நானும் வரேன் டீச்சர்" என்றாள் பூதம்.

கடைக்காரர் முழங்கை நீளத்துக்கு ஒன்றை எடுத்து வைத்தார். "இருபது மடங்கு பெருசாக் காட்டும்."

"இதுதான் டீச்சர்" என்று கேப்டன் அணைத்துக்கொண்டான்.

பூதம் வாங்கி வாசல் வழியே பார்த்தாள். கை கொஞ்சம் ஆட, எதிர்க்கடையே குலுங்கியது. அதே பொத்தான் வெளிச்சம்தான். "இது வேண்டாம். வேற காட்டுங்க."

இரண்டாவதிலும் கறுப்பு. மூன்றாவதிலும் அதேதான். "பாப்பா ரொம்பத்தான் கிராக்கி பண்ணுது" என்று முனகியபடி கடைக்காரர் நான்காவதை நீட்டினார். கண் வைக்கும் இடத்து ரப்பர் வளையம் லேசாக அசைவதைப் பூதத்தின் விரல் கண்டுபிடித்தது. திருகினாள். 'டிக்' என்று உள்ளே இறங்கியது. கண்ணாடியோடு சேர்த்து வைத்தாள்.

வட்டம் முழுசாகத் திறந்தது.

எதிர்க்கடையில் தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "ரெண்டு தடவை தப்பிடுச்சு... ஆ, நுழைஞ்சிடுச்சு" என்றாள் பூதம்.

கடைக்காரருக்கே ஆச்சரியம். "சரிதான். கண்ணாடி போட்டவங்க கண்ணு பைனாகுலர்லேர்ந்து தள்ளி நிக்கும். தள்ளி நின்னாலும் முழுசாத் தெரியற மாதிரி செஞ்சது இது. வளையத்தை இறக்கணும், அவ்வளவுதான்."

"டீச்சர், நீங்களும் பாருங்களேன்."

டீச்சரும் கண்ணாடிக்காரர்தான். வாங்கியவர் தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார், மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல." பைனாகுலரை இறக்காமலே சொன்னார். "பத்து வருஷமா நான் பாதிப் பறவையத்தான் பார்த்துட்டு 'ஆமா, அழகு'ன்னு சொல்லிட்டிருந்தேன் போல."

கேப்டனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிறகு கவலை வந்தது. "அப்ப கண்ணாடி இல்லாதவங்க?"

பூதம் வளையத்தை மேலே திருகிக் கொடுத்தாள். அவன் பார்த்தான்; அவனுக்கும் வட்டம் முழுசாகத் தெரிந்தது. திரும்ப வாங்கி வைத்திருந்த பெரியதைத் தானே மேசையில் வைத்தான்.

கணக்கெடுப்பு நாளில் ஏரியைச் சுற்றி நான்கு பள்ளிகளின் குழுக்கள். வாத்துகளை எல்லோரும் எண்ணியாயிற்று. கோரைப்புல் பக்கம் வந்தபோது, "இங்க ஒண்ணும் இல்ல" என்று இரண்டு குழுக்கள் தாண்டிப் போயின.

பூதம் வட்டத்தை மெதுவாக நகர்த்தினாள். புல், புல், புல். ஒரு புல் மட்டும் காற்றுக்கு ஆடவில்லை. அதற்கு மஞ்சளாக ஒரு கண் இருந்தது.

"டீச்சர்," அவள் குரல் மூச்சாக வந்தது. "குருகு. கொக்கு ஜாதி. அலகை மேல தூக்கிட்டு புல்லு மாதிரியே நிக்குது."

டீச்சர் பார்த்தார். கேப்டன் பார்த்தான். கணக்கெடுப்பு அதிகாரி ஓடி வந்து பார்த்தார். "ஆறு வருஷமா இந்த ஏரியில யாரும் இதப் பார்த்ததில்ல" என்றவர், பட்டியலைப் பிரித்தார். "முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

"எங்க பூதம்" என்றான் கேப்டன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. தாண்டிப் போன இரண்டு குழுக்களும் திரும்பி வந்து வரிசையில் நின்றன.

பூதத்தின் காதில் எதுவும் விழவில்லை. பைனாகுலர் மறுபடி அவள் கைக்கு வந்திருந்தது. குருகு கழுத்தை மெல்ல இறக்கி, தண்ணீரில் சட்டென்று கொத்தி, ஒரு மீனைத் தூக்கியது. அதை முழு வட்டத்தில், வால் துடிப்பது வரை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.