ஐந்தருவியில் கொட்டிய பை

தங்கபுஷ்பம் மாடிப்படி ஏறும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னால் அவள் கணவர் ஜஸ்டின், பெயிண்ட் கடைக்காரர், யாரோ பிடித்து இழுத்து வருவதைப் போல வந்தார். அவருக்கும் பின்னால் மகள் ஷெர்லின். மூன்று பேருக்கும் முன்னால் பென்னி ஏறினான். அவன் எப்போதும் அப்படித்தான், எதிலும் முந்திக்கொள்வான். கீழே ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை அவனுடையது. மாடியில் குடியிருந்த ஜெபசிங் அவனுடைய அக்காள் கணவர், குற்றப்பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியில் எது தொலைந்தாலும் ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். அதில் பென்னிக்குத் தலைகால் புரியாத பெருமை.

"அண்ணாச்சி, எம்புள்ள படிப்பே போச்சு! சர்டிபிகேட் ஃபைலைக் காணும். மார்க் ஷீட்டு, டி.சி. எல்லாம் அதுலதான் கெடக்கு. திங்கக்கிழமை சென்னையில காலேஜ் அட்மிஷன். ஒரிஜினல் இல்லாட்டி சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிருமாம்."

"எப்பம்மா கடைசியாப் பாத்திய?" என்றார் ஜெபசிங்.

"இன்னைக்குக் காலையிலதான். பீரோவுல இருந்து எடுத்து, தொறக்காம அப்படியே மேஜையில வச்சேன். நாளைக்கு ஆராதனையில பீடத்துல வைக்கணும்லா?"

அவர்கள் சபையில் அது ஒரு வழக்கம். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பீடத்தில் வைப்பார்கள். பாஸ்டர் மார்க் ஷீட்டைக் கையில் எடுத்து, பெயரையும் மார்க்கையும் சபைக்கு முன்னால் உரக்க வாசித்து ஜெபிப்பார். தங்கபுஷ்பம் அதற்கென்றே புதுச்சேலை எடுத்து வைத்திருந்தாள். எடுக்காமல் இருப்பாளா? அறுநூற்றுக்கு ஐநூற்று எண்பத்தேழு என்றால் சும்மாவா?

"அந்த மார்க்குக்கு நம்ம கடை பேனர்தான் அத்தான்," என்று பென்னி குறுக்கே புகுந்தான். "ரிசல்ட் அன்னைக்குப் பால் வண்டி வரும்போதே தெரு முக்குல தொங்கிட்டுல்லா! போட்டோ என்ன, மார்க்கு என்ன, தங்கக் கலர்ல! மத்தவன்லாம் மறுநாள்தான் கட்டினான். அந்த வேகம் இந்த ஊர்ல எவனுக்கு வரும்?"

ஜெபசிங் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பெரிய வேகம்தாம்லே," என்றார். பென்னிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"காலையில வீட்டுக்கு யாரும் வந்தாவளா?"

"வேற யாரு, இவ கூட்டாளி முத்துசெல்விதான். ஐந்தருவியில பழக்கடை போடுதாள்ல பேராச்சி, அவ மவ. ரெண்டு பேருக்கும் அப்ளிகேஷன் எல்லாம் அவதான் கம்ப்யூட்டர்ல போட்டா. எப்பவும் உக்காந்து காப்பி குடிச்சிட்டுத்தான் போவா. இன்னைக்கு என்னான்னா, நிக்கல, ஓடுதா. எம்மவ மார்க்கப் பாத்து வயித்தெரிச்சல் இருக்காதா அண்ணாச்சி?"

"அம்மா, அவ எடுத்திருக்க மாட்டா," என்றாள் ஷெர்லின். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜெபசிங் ஜஸ்டின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன நெனைக்கிய?"

"என்னத்தச் சொல்ல? எங்கயாவதுதான் இருக்கும். நாளைக்கு ஆராதனை போனாப் போகட்டும். ரயிலுக்குப் போறதுக்குள்ள கெடைச்சிரும் அண்ணாச்சி."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கப் பென்னிக்கு எங்கே பொறுமை? அவன் அதற்குள் படியிறங்கிவிட்டான். கடைக்குள் ஸ்கூட்டர் சாவியை எடுக்க ஓடியவனை ஒரு பழைய ஃப்ளெக்ஸ் சுருள் தடுக்கியது. மழைக்குக் கூரை மேல் போட வைத்திருப்பதாகச் சொல்லி ஜஸ்டின் காலையில் கொடுத்துவிட்டுப் போனது. "ஓரமாக் கெடக்கட்டும் தம்பி, நாளைக்குச் சாயங்காலம் எடுத்துக்கிடுதேன்" என்றிருந்தார். சனியனே என்று அதை மேஜைக்கடியில் உதைத்துத் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஐந்தருவியில் சீசன் களைகட்டியிருந்தது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் வடியும் தலைகளோடு கூட்டம் அருவிக்குப் போவதும் ஈரத்தோடு திரும்புவதுமாக இருந்தது. பேராச்சி மங்குஸ்தானைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முத்துசெல்வி, சீசன் கூட்டத்தைச் சமாளிக்கக் காலையிலேயே ஓடி வந்தவள். பென்னி போன வேகத்தில் அவள் பையைப் பிடுங்கி, பலகை மேல் தலைகீழாகக் கொட்டினான். சீப்பு, டிபன் பாக்ஸ், அவளுடைய விண்ணப்ப நகல்கள். நகல்கள் ஈரத்தில் விழுந்தன. பழம் வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எம்மவ பையை ஏம்யா கொட்டுத?" என்று பேராச்சி எழுந்தாள்.

"ஷெர்லின் ஃபைலு எங்க? அவ மார்க்கு மேல பொறாமைதான ஒனக்கு?"

முத்துசெல்வி அப்போதுதான் நிமிர்ந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு குனிந்து நகல்களைப் பொறுக்கினாள். "தெரியாதுண்ணே," என்றாள்.

பென்னியின் செல்போன் அடித்தது. ஜெபசிங். "ஏலே, எங்கன நிக்க? என்ன காரியம் பண்ணிட்டு நிக்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையையும் அவ அம்மையையும் ஆட்டோவுல மரியாதையாக் கூட்டிட்டு வா."

எல்லாரும் பென்னியின் கடையில் கூடினார்கள். ஐந்தருவியில் நடந்ததைப் பேராச்சி ஒன்று விடாமல் சொன்னாள். ஜெபசிங் கேட்டு முடித்துவிட்டு, பென்னியைத்தான் முதலில் விசாரித்தார்.

"ப்ளஸ் டூ ரிசல்ட்டு எப்பலே வரும்?"

"காலையில ஒம்பது மணிக்கு மேல அத்தான்."

"பால் வண்டி?"

"அது விடியக்காலம்..." என்ற பென்னி அப்படியே நின்றுவிட்டான்.

"ரிசல்ட்டுக்கு முன்னாலயே மார்க்கு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முந்தின நாளே ஜஸ்டின் அண்ணாச்சி சொன்னாவ. நான் அடிச்சேன்." பென்னியின் குரல் இறங்கிப் போனது. இத்தனை நாளும் ஊரெல்லாம் அவன் அடித்த தம்பட்டம் அதுதான். ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டாமா!

"அப்ப பேனர்ல இருக்கது வராத மார்க்கு. வந்த மார்க்கு ஃபைலுக்குள்ள இருக்கு. நாளைக்குப் பாஸ்டர் அதத்தான் சபையில வாசிப்பாவ," என்றார் ஜெபசிங். குரலை உயர்த்தவே இல்லை. "பொறாமைக்காரின்னா பிள்ளை சென்னைக்குப் போறதக் கெடுக்கணும்னு நெனைப்பா. எடுத்த ஆளுக்கு அந்த எண்ணம் இல்ல. ஞாயித்துக்கிழமை காலையத் தாண்டினாப் போதும். ஆராதனை போனாப் போகட்டும், ரயிலுக்குள்ள ஃபைலு கெடைச்சிரும்னு ஒருத்தர் சொன்னாரு. தொலைச்சவனுக்கு அந்தத் தைரியம் வராது. வச்ச எடம் தெரிஞ்சவனுக்குத்தான் வரும். வீட்டுலயும் சொந்தக் கடையிலயும் வச்சா பெண்டாட்டி குடைஞ்சிருவா. பென்னி, ஒன்கிட்ட யாரும் எதையும் குடுத்து வச்சாவளா?"

பென்னிக்கு அந்தச் சுருள் ஞாபகம் வந்தது. குனிந்து மேஜைக்கடியிலிருந்து சுருளை இழுத்தான். பிரிக்கப் பிரிக்க ஏதோ பழைய பெயிண்ட் விளம்பரம் விரிந்தது. நடுவில் ஷெர்லினின் நீல ஃபைல் வளைந்து கிடந்தது.

ஜஸ்டின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளை நல்லா எழுதியிருக்கேன்னு சொல்லிச்சு. நானா ஒரு கணக்குப் போட்டு அடிக்கச் சொன்னேன். வந்தது ஐநூத்தி முப்பத்தொண்ணு. அதுக்குள்ள தெருவே வந்து கை குடுத்துட்டு. பெறவு எறக்க முடியல அண்ணாச்சி. இவகிட்டகூடச் சொல்ல முடியல."

தங்கபுஷ்பம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஷெர்லின்தான் பேசினாள்.

"ஐநூத்தி முப்பத்தொண்ணு நல்ல மார்க்குன்னு நெனைச்சுத்தான்ப்பா ஒங்ககிட்ட ஓடி வந்தேன். நீங்க என்னையப் பாக்கல. பேனரையே பாத்துட்டு நின்னிய. அன்னையில இருந்து அந்த முக்கு வழியா நான் போறதே இல்ல." பிறகு முத்துசெல்வி பக்கம் திரும்பி, "அப்பாதான் எடுத்திருப்பாவன்னு எனக்குத் தெரியும்ட்டி. அம்மா ஒம்பேரச் சொன்னப்பவும் சும்மாத்தான் இருந்தேன்," என்று சொல்லி விம்மினாள். முத்துசெல்வி ஈரமான நகல்களை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"அப்ளிகேஷன்ல அவ மார்க்கப் போட்டது நீதானம்மா?" என்றார் ஜெபசிங்.

"ஆமா சார்."

"இவன் பையைக் கொட்டினப்ப அவளோட நெச மார்க்கச் சொல்லியிருந்தா அப்பவே தப்பிச்சிருக்கலாமே."

"யார்ட்டயும் சொல்லாதட்டின்னு கேட்டுக்கிட்டா சார்."

"ஒன் மார்க்கு?"

பேராச்சிதான் சொன்னாள். "ஐநூத்தித் தொண்ணூத்தொண்ணு. எங்களுக்கு எவன் பேனர் கட்டப் போறான்?"

பென்னிக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை போல இருந்தது. வயிற்றெரிச்சல் என்று தங்கபுஷ்பம் சொன்னதும் நம்பிவிட்டான். இந்தப் பிள்ளையின் மார்க் என்ன என்று கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை. சுவரில் தொங்கிய பிளேடை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"முக்குல இருக்கத அறுத்துட்டு வாரேன். ஒனக்கு நான் பேனர் அடிச்சுத் தாரேம்மா. காசு வேண்டாம். அத விடப் பெருசா அடிக்கேன்."

"எனக்குப் பேனர் வேண்டாம்ண்ணே," என்றாள் முத்துசெல்வி. "கடைக்கு முன்னால ஆளுக நிக்கும்போது பையைக் கொட்டினிய. அதே மாதிரி ஆளுக நிக்கும்போது, நான் எடுக்கலன்னு சொல்லுங்க. அது போதும்."

ஜஸ்டின் எழுந்தார். "நானும் வாரேன். நாளைக்குச் சபையிலயும் பாஸ்டர் வாசிக்கட்டும்," என்றார். மனைவியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே ஐந்தருவிக்குப் போனார்கள். கூட்டம் முன்பைவிட அதிகம். பென்னி பழக்கடை முன்னால் நின்றான். ஊருக்கெல்லாம் ஆளுயர எழுத்தில் வாழ்த்து அடித்துக் கொடுத்தவனுக்குக் குரல் மேலே எழும்பவில்லை. ஒருவழியாக, "இந்தப் பிள்ளை எதையும் எடுக்கல. தப்பு எம்மேலதான்," என்று சொல்லி முடித்தான்.

அருவி இரைச்சலில் யார் காதிலும் அது விழவில்லை. பேராச்சி பழத்தை நிறுத்துக்கொண்டிருந்தவள் தராசைக் கீழே வைத்தாள்.

"கேக்கல," என்றாள். "சத்தமாச் சொல்லும்."