பசித்தண்ணி

அப்பாவைக் கொசு கடிப்பதில்லை என்று முதலில் கவனித்தது கொக்குதான்.

கொக்கு என்பது மகளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர். கழுத்தும் காலும் நீளம். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே நிலையில் தலை இடிக்கும். தம்பிக்குச் சுண்டெலி என்று பெயர். பிறந்ததிலிருந்தே அவனுக்கு இளைப்பு. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கீச் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். அவன் எந்த அறையில் இருக்கிறான் என்று தேடவே வேண்டாம், காதைத் தீட்டிக்கொண்டால் போதும்.

அன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. குடியிருப்பின் மாடிப்படியில் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடல் பக்கமிருந்து உப்பும் ஈரமுமாக ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. காது மடலைச் சுற்றி ரீங்காரம். அம்மா பட்டென்று கன்னத்தில் அடித்துக்கொண்டாள், கொக்கு முழங்காலைச் சொறிந்துகொண்டாள், சுண்டெலி ஒவ்வொன்றாகப் பிடித்து நசுக்கி ரத்தம் இருக்கிறதா என்று ஆராய்ச்சி பண்ணினான். அப்பா மட்டும் சட்டையில்லாத உடம்போடு, கையை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார். அவரைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குக் காற்றைத் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு கொசுகூட இல்லை.

"அப்பா, உங்கள மட்டும் ஏன் கடிக்க மாட்டேங்குது?"

"அவரு ரத்தத்துல ருசி இல்லடி. கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

அப்பா சிரித்தார். வழக்கமாக அவர் சிரித்தால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். இப்போது சிரிப்பை வெளியே விடாமல் உள்ளுக்கு இழுத்துச் சிரித்ததுபோல் இருந்தது.

போன மாதம் வரைக்கும் இந்த வீட்டுக் கொசுக்களுக்கு அவர்தான் விருந்து. கொசு பேட்டை வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் துரத்துவார். தொட்டிக்குள் விழுந்த பிறகுதான் இப்படி.

கரையோரம் இருக்கிற பிளாண்டில் அவர் ஆப்பரேட்டர். கடலைக் குழாய் வழியாக இழுத்து, அதில் கரைந்திருக்கும் கரியமில வாயுவைப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சத் தண்ணீரைத் திரும்பக் கடலிலேயே விடுகிற வேலை. அந்த மிச்சத் தண்ணீருக்கு அங்கே வேலை செய்பவர்கள் வைத்த பெயர் பசித்தண்ணி. "வயித்துல இருக்கறதையெல்லாம் புடுங்கிட்டா பசிக்குமா பசிக்காதா? அது கடல்ல போய் விழுந்ததும், மேல இருக்கற காத்துலேர்ந்து அந்த வாயுவைத் திரும்பவும் இழுத்துக்கும். அப்படித்தாம்மா காத்து சுத்தமாகுது" என்று அவர்தான் ஒருமுறை சோற்றுத் தட்டைக் காட்டி விளக்கினார். அந்தப் பசித்தண்ணித் தொட்டிக்குள்தான் கால் வழுக்கி விழுந்தார். கூட இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். காதுவலி என்று நாலு நாள் படுத்திருந்தார், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றே கொக்குவும் நினைத்துக்கொண்டிருந்தாள், வகுப்பில் அறிவியல் டீச்சர் போகிறபோக்கில் ஒன்று சொல்லும்வரை. கொசு நம்மை இருட்டில் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாம் விடுகிற மூச்சை வைத்து. அதிலிருக்கும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிறது.

கேட்ட நிமிஷத்திலிருந்து அவளுக்குப் பாடம் ஏறவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் சந்தேகம். அப்பா அம்மா அறையில் ஜன்னலோரம் இருந்த மணிபிளான்ட் வெளுத்துப்போய், சோகை பிடித்த பிள்ளைபோல் தொங்கியது. அதைச் சமையலறைக்கு மாற்றினாள். நாலு நாளில் தலைநிமிர்ந்தது. அந்த அறைக்குள் நுழைந்தால் மழையில் நனைந்த கருங்கல் வாசம். பகலில் அப்பா தூங்கும்போது கதவோரம் நின்று காது கொடுத்தாள். குறட்டை நின்றுபோயிருந்தது. மூச்சு உள்ளே போகிற சத்தம் மட்டும் கேட்டது. நீளமாக, நிதானமாக, கிணற்றில் கயிறு இறங்குவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. வெளியே வருவது பேருக்குத்தான்.

ஒருநாள் விடியற்காலை தம்பியின் கீச்சுச் சத்தத்தில் விழிப்பு வந்தது. ஜன்னல் சாம்பல் நிறத்தில் வெளுத்துக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, யூனிபார்மைக்கூட மாற்றாமல், தம்பியின் கட்டிலருகே தரையில் மண்டியிட்டிருந்தார். அவர் முகம் அவன் முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில். தம்பி மூச்சை விடும்போது அப்பாவின் உதடு குவிந்தது. சூடான டீயை உறிஞ்சுவதுபோல் மெல்ல இழுத்தார். தம்பி மூச்சை வாங்கும்போது காத்திருந்தார். விட்டான். உறிஞ்சினார்.

"அப்பா?"

அவர் திரும்பவே இல்லை.

"என்னப்பா பண்றீங்க?"

"சும்மா காத்து வாங்கறேம்மா. நீ தூங்கு."

போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். போர்வைக்குள் தன் மூச்சே தனக்குச் சூடாக அடித்தது. அது ஆறுதலாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் சாப்பிடும்போது அப்பா சொன்னார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஷிப்டுக்குப் போகும்போது சுண்டெலியையும் பிளாண்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். தொட்டிகிட்ட காத்து அவ்ளோ சுத்தம். கொஞ்ச நேரம் நின்னா இளைப்பெல்லாம் ஓடிடும். என்னைப் பாரு, குறட்டைகூட நின்னுடுச்சு."

"அழைச்சிட்டுப் போங்க. இந்தப் பிள்ள மூச்சு விடறதக் கேட்டா என் வயிறே கலங்குது" என்றாள் அம்மா.

"அவன் எதுக்கும்மா அங்க? தொட்டியில விழுந்துட்டான்னா?"

மூன்று பேரும் கொக்குவைப் பார்த்தார்கள். அம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

உறுதியாகத் தெரியாமல் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்த சோதனைதான். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேலாக இறுத்துக்கொண்டு, ஸ்ட்ரா போட்டு ஊதினால் பால்போல் வெளுக்கும். மூச்சில் கரியமில வாயு இருந்தால். சுவருக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு பரணில் கிடந்தது. ஞாயிறு மத்தியானம் மூன்று கண்ணாடி டம்ளர்களில் தெளிந்த நீரை ஊற்றிக்கொண்டாள்.

"ப்ராக்டிகல் இருக்குப்பா. கொஞ்சம் ஊதுங்க. உறிஞ்சிடாதீங்க, வாய் வெந்துடும்."

அப்பா டம்ளரை வாங்கினார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்குகிறது என்று அம்மா கத்தினாள். ஓடிப்போய் அணைத்துவிட்டு வருவதற்குள் அப்பா டம்ளரை மேஜைமேல் வைத்திருந்தார். நீர் பளிங்குபோல் கிடந்தது.

"வெளுக்கவே இல்லையேப்பா."

"வெளுத்துச்சே. இன்னும் ஊதினேன், தெளிஞ்சிடுச்சு. ரொம்ப ஊதினா திரும்பத் தெளிஞ்சிடும்னு உங்க டீச்சர் சொல்லித்தரலையா?"

சொல்லித்தந்திருக்கிறார். அது உண்மைதான். பொய்யாக இருந்திருந்தால் தேவலை.

அம்மாவிடம் இரண்டாவது டம்ளரைக் கொடுத்துவிட்டு, இமைக்காமல் எதிரில் நின்றாள். அம்மா ஊதினாள். குமிழிகள் கொப்பளித்தன. ஒருமுறை. இன்னொருமுறை. நீருக்குப் பின்னால் அம்மாவின் விரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது. வெளுக்கவில்லை. துளிகூட இல்லை.

அம்மா டம்ளரைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"நானும் ரொம்ப ஊதிட்டேன் போலருக்கு" என்றாள்.

மாடிப்படியில் அம்மா கன்னத்தில் அடித்துக்கொண்டதற்கு அப்புறம், அவள் கொசு அடித்து ஒருமுறையாவது பார்த்தோமா? கொக்கு யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அப்பா யூனிபார்ம் மாட்டிக்கொண்டு கீழே போய் வண்டியைத் துடைத்தார். அம்மா குளியலறையில் இருந்தாள். கொக்கு தம்பியைச் சமையலறைக்கு இழுத்து வந்து மூன்றாவது டம்ளரை நீட்டினாள்.

"இதுல ஊது."

அவன் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு முழித்தான். "எப்படி?"

"இது தெரியாதா? இப்படித்தான்." பிடுங்கி, குமிழி பறக்க ஊதிக் காட்டினாள். "ம், சீக்கிரம். அப்பா கூப்பிடறதுக்குள்ள."

அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை மூடி ஊதினான். கீச், கீச். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெள்ளை! பால் கலந்ததுபோல் வெள்ளை. அவனைக் கட்டிக்கொண்டாள். "என்னக்கா, பாஸா?" என்றான். "பாஸுடா. நூத்துக்கு நூறு."

முன்பே சித்திக்குப் போன் பண்ணியிருந்தாள். அம்மாவின் தங்கை, பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள். "வாங்கடி, நான் எங்க போயிடப் போறேன்? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள் சித்தி. வந்து சொல்கிறேன் என்று கொக்கு போனை வைத்துவிட்டாள்.

பின்பக்கப் படியில் இறங்கினார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மதில் மூலையில் திரும்பியபோது அப்பாவின் குரல் கேட்டது. "சுண்டெலி! கெளம்பலாமா?" கோபமே இல்லாத குரல். ஓடினார்கள்.

பாலத்துக்கு வருவதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. இளைப்பு அதிகமாகித் தம்பி நின்றுவிட்டான். அவள் குனிந்து அவனை முதுகில் ஏற்றிக்கொண்டாள். கீழே கால்வாயில் பிளாண்டின் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. சலசலப்பு இல்லாமல், நுரை இல்லாமல், எண்ணெய்போல் வழுவழுவென்று. பாலத்துக்கு மேலே காற்றே அசையவில்லை. பின்னால் வண்டி வருகிறதா என்று அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தாள். வரவில்லை. ஒருத்தரும் துரத்தவில்லை. ஏன் துரத்தவில்லை?

காதோரம் தம்பியின் மூச்சு. கீச். கீச். அந்தச் சத்தம் இருக்கும்வரை பயமில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். சித்தி வீட்டுத் தெருவிளக்கு தெரிந்தது.

கீச்.

கீச்.

நின்றுவிட்டது.

"டேய், தூங்கிட்டியா?"

"இல்லக்கா. இப்ப இளைப்பே இல்ல."

"திடீர்னு எப்படிடா?"

"திடீர்னு இல்ல. அன்னிக்குக் காலையில அப்பா வந்து உக்காந்தாருல்ல, அன்னிக்கே போயிடுச்சு." அவன் கன்னம் அவள் தோளில் சில்லென்று பட்டது. "சத்தம் கேக்கலைன்னா நீ பயந்துப்பல்ல. அதான் வாயாலயே பண்ணிட்டிருந்தேன்."

அவள் கால்கள் நடந்துகொண்டிருந்தன.

டம்ளர் வெளுத்ததே. நூற்றுக்கு நூறு. அவன் ஊதினான், வெளுத்தது. அவன் ஊதுவதற்கு முன்னால்...

ஊதிக் காட்டியது யார்?

வெளுக்க வைத்தது யாருடைய மூச்சு?

இறக்கிவிட வேண்டும். இப்போதே. கைகள் கேட்கவில்லை. ஆறு வயசுக் கால்கள். விழுந்து எழுந்த முழங்கால் காயத்தின் பொருக்கு விரலில் நெருடியது. தம்பிதானே. அவள் தூக்கி வளர்த்த தம்பிதானே.

கதவு திறந்தது. சித்தி வெளிச்சத்தோடு வாசலுக்கு வந்தாள். "இவ்ளோ தூரம் சுமந்தா வந்தே? அடப்பாவி, இறங்குடா, அக்கா முதுகு உடைஞ்சிடும். எங்க, சித்திக்கு ஒரு முத்தா குடு பாப்போம்."

வாயை அகலச் சிரித்துக்கொண்டு, கன்னத்தை நீட்டிக்கொண்டு, கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே.

கழுத்துக்குப் பின்னால் அவன் மூச்சை இழுக்க ஆரம்பித்தான். நீளமாக. நிதானமாக. கொக்குவின் பிடரி மயிர் ஒவ்வொன்றாக அவன் வாய்ப்பக்கம் சாய்ந்தது. சித்தியின் நெற்றியில் தொங்கிய முடியும் அவனை நோக்கி மெல்ல எழும்பியது. இழுப்பு நிற்கவில்லை.

கிட்ட வராதே என்று கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதட்டைத் தாண்டிய மூச்சு முன்னால் போகாமல், வெதுவெதுப்பாக அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு, தோளைத் தாண்டிப் பின்னால் போனது.

அவன் கால்களை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.