கூடுவாஞ்சேரியில் தங்கியவர்கள்

சட்னி அரைபடும் நேரத்துக்குள் சுகந்தியும் தணிகைவேலும் விடுமுறைக்குச் சென்னைக்குப் போய், நான்கு நாள் தங்கி, கரூருக்குத் திரும்பியும் வந்துவிட்டார்கள். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் முறை எழும்பூரில் ஒரு விடுதியின் ஆறாவது மாடியில் தங்கினார்கள். இரண்டாம் முறை கூடுவாஞ்சேரியில், வாசலில் வேப்பமரம் நின்ற ஒரு வாடகை வீட்டில். போய் வந்தது அவர்களுடைய நிழலர்கள். அசல் சுகந்தி அடுப்படியிலும் அசல் தணிகைவேல் கூடத்து நாற்காலியிலும் இருந்தார்கள்.

சுவரில் இருந்த முன்வாழ்வி மணியடித்தது. "எழும்பூர், மகிழ்மதிப்பு தொண்ணூற்றொன்று. கூடுவாஞ்சேரி, முப்பத்து நான்கு. பரிந்துரை, எழும்பூர்."

இப்போதெல்லாம் முன்வாழ்வியைக் கேட்காமல் யாரும் செருப்புகூட வாங்குவதில்லை. வீட்டில் வருடக்கணக்காகப் பேசிய பேச்சு, கைப்பட்டையில் பதிந்த நாடித்துடிப்பு, எதற்குச் சிரித்தோம், எதற்கு முகம் சுளித்தோம் என்பதையெல்லாம் வைத்து, நம்மைப் போலவே நடந்துகொள்ளும் நிழலர்களை அது உண்டாக்கும். அவர்களை ஒவ்வொரு வழியிலும் வாழவிட்டு, சிரிப்பைக் கூட்டி அழுகையைக் கழித்து மதிப்புப் போடும். விருப்பமிருந்தால் அந்த வாழ்க்கையை ஓட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. மதிப்பெண் கைக்கு வந்த பிறகு விடைத்தாளை யார் புரட்டுகிறார்கள்?

தணிகைவேலுக்குக் கூடுவாஞ்சேரி மேல்தான் ஆசை. படுக்கை விரிப்பு ஆலையில் மேற்பார்வையாளன். நாள் முழுக்கத் தறிச் சத்தம். போன இடத்திலாவது காதுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று நினைத்திருந்தான்.

"முப்பத்து நாலுதான் போட்டிருக்குது. காத்தோட்டமான வீடு, அதுக்கு என்ன கேடு?" என்றான். "காலைல மின்சார ரயில் ஏறினா ஒரு மணி நேரத்துல சிட்டிக்குள்ள போயிறலாம்."

"எனக்கு எதுன்னாலும் சரிங்க. நீங்களே பாத்து நாளைக்குச் சொல்லுங்க," என்றாள் சுகந்தி. ஒரு வருடமாக எதைக் கேட்டாலும் இதுதான் அவள் பதில்.

சாப்பிட்டதும் அவன் காதுப்பேசியை மாட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரியை ஓட்டிப் பார்த்தான். முதல் நாள் குறையொன்றுமில்லை. நிழல் தணிகைவேல் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உருண்டுகொண்டிருந்தான். கடற்கரையும் கடைவீதியும் பார்த்துவிட்டு மாலையில் ரயிலில் திரும்பினார்கள். ஓடும் வண்டியில் கைப்பேசியைப் பார்த்தால் சுகந்திக்குத் தலை சுற்றும். அவனும் மரியாதைக்குத் தன்னுடையதைப் பைக்குள் வைத்துவிட்டான். போக ஒரு மணி, வர ஒரு மணி, எதிரெதிர் இருக்கை. பேசுவதைத் தவிர வேறு வேலையில்லை. முதல் நாள் வெயிலைப் பேசினார்கள், சேலைக்கடைக் கூட்டத்தைப் பேசினார்கள். இரண்டாம் நாள் அதெல்லாம் தீர்ந்துபோயிற்று.

தாம்பரம் நெருங்கும்போது நிழல் சுகந்தி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "எங்கப்பாவ நீங்கதான் அங்க கொண்டுபோய் விட்டீங்க."

தணிகைவேல் ஓட்டத்தை நிறுத்திவிட்டான். காதுப்பேசியைக் கழற்றி வைத்தான்.

போன வருடம்வரை சுகந்தியின் அப்பா இவர்களோடுதான் இருந்தார். ஞாபகம் தப்பத் தொடங்கியிருந்தது. இவள் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போயாக வேண்டும், அவன் ஆலைக்கு. வீடா, முதியோர் இல்லமா என்று இதே முன்வாழ்வியைத்தான் கேட்டார்கள். வீடு ஐம்பத்திரண்டு, இல்லம் எழுபத்தெட்டு. மூன்று பேர் மகிழ்ச்சியையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கிய கணக்கு அது. தணிகைவேல்தான் காரில் கொண்டுபோய் விட்டுவந்தான். கொஞ்ச நாளிலேயே அவர் அங்கே இறந்துபோனார். முன்வாழ்வி பொய் சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நாளும் இவர்கள் இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததோடு அந்தப் பேச்சு வீட்டில் நின்றுபோயிற்று.

மறுநாள் காலையில் அவன், "எழும்பூரே போட்டுறலாம்," என்றான்.

சுகந்தி கரண்டியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமா. மதிப்பு நல்லா வந்திருக்குதல்ல."

"சரிங்க."

அவன் பொத்தானை அமுக்கினான். தேர்ந்தெடுக்காத வாழ்க்கையை முன்வாழ்வி அப்போதே அழித்துவிடும். கிடைக்காததை நினைத்து ஆட்கள் ஏங்கக் கூடாதென்று அப்படி ஒரு சட்டம்.

எழும்பூர் சொன்னபடியே நடந்தது. படியிறங்கினால் அருங்காட்சியகம், நாலு எட்டில் பிரியாணிக் கடை, கூப்பிட்டால் ஆட்டோ. பார்க்க ஏதாவது எப்போதும் இருந்தது. அறைக்கு வந்தால் கால்வலியில் படுத்ததும் தூக்கம். எல்லாப் படத்திலும் இருவரும் சிரித்தார்கள். ஊர் திரும்பும் பேருந்திலும் தூங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பையிலிருந்து துணிகளை எடுக்கும்போது தணிகைவேல் சொன்னான். "மெஷின் சொன்ன மாதிரியே நல்லாத்தான் இருந்துச்சு, பாத்தியா?"

"கூடுவாஞ்சேரிய ஓட்டிப் பாத்தீங்கதானே?" என்றாள் சுகந்தி.

அவன் கையில் இருந்த சட்டையை மடித்தான். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான். "ரயில் வரைக்கும் பாத்தேன்."

"அப்பாவப் பத்திச் சொன்னனே, அது வரைக்குமா?"

"நீயும் பாத்தியா?"

"அன்னிக்கே பாத்துட்டேன். அப்பா விஷயத்துல வெறும் மதிப்ப மட்டும் பாத்து தலையாட்டுனேன். அதுல இருந்து எதையும் கடைசி வரைக்கும் பாக்காம விடறதில்லைங்க."

"அப்புறம் என்ன நடந்துச்சு?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "நானும் வேண்டாம்னு தடுக்கலியேன்னு சொன்னேன். ரெண்டு பேரும் தாம்பரத்துலயே எறங்கி பெஞ்சுல உக்காந்துட்டோம். நீங்க அழுதீங்க. நம்ம கல்யாணத்துல இருந்து அப்படி நான் பாத்ததே இல்ல. மூணாம் நாள் எங்கயும் போகல, அப்பாவப் பத்தியே பேசிட்டிருந்தோம். நாலாம் நாள் வேப்பமரத்தடியில உங்க மடியில படுத்துத் தூங்கிட்டேன். அழுதது நெறைய, சிரிச்சது கம்மி. அதான் முப்பத்து நாலு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, சுகந்தி."

"நீங்களா அத எடுக்கறீங்களான்னு பாத்தேன்."

அவன் சட்டையைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "இப்பப் பேசலாம். இங்கயே பேசலாம்."

"இனி என்னத்தப் பேச? நான் என்ன சொல்லுவேன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க எங்க அழுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதப் பேச்சுன்னு சொல்ல முடியுமா?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் எழுந்து முன்வாழ்வியின் முன் போய் நின்றான். "பொங்கல் லீவு. கூடுவாஞ்சேரி, அதே வீடு. மதிப்பு வேண்டாம். ஓட்டிக் காட்டு." திரை ஒளிர்ந்தது. சுகந்தியும் வந்து பக்கத்தில் நின்றாள்.

அதே வேப்பமரம், அதே கட்டில், அதே ரயில். இரண்டாம் நாள் மாலை வண்டி தாம்பரத்தை நெருங்கியது. என்ன வரப்போகிறது என்று இந்த முறை தெரிந்திருந்த நிழல் தணிகைவேல் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தான். நிழல் சுகந்தி அவனைப் பார்த்தாள். அவன் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கப் போனவள், மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தாம்பரம் வந்தது, போனது. கூடுவாஞ்சேரியில் இறங்கி ஆளுக்கொரு இளநீர் குடித்தார்கள். மூன்றாம் நாள் மாமல்லபுரம் போனார்கள், நிறையப் படம் எடுத்தார்கள். நாலாம் நாள் சாமான் கட்டினார்கள்.

இருவரும் கடைசிவரை பார்த்தார்கள். நான்கு நாளில் ஒருவரும் அழவில்லை.

வேண்டாமென்று சொல்லியும் முன்வாழ்வி மணியடித்தது. "கூடுவாஞ்சேரி, மகிழ்மதிப்பு எண்பத்தெட்டு. பரிந்துரைக்கப்படுகிறது. பதிவு செய்யட்டுமா?"