ரூம்ல ஒரு ஆளு குறையுது

விஸ்வநத்தம் விலக்கில் இருக்கிற காயலான் கடைக்கு ஓவியா போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்காரர் துருப்பிடித்த மின்விசிறிகளுக்கு நடுவே பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவரை எழுப்பாமல் அவள் பாட்டுக்குக் குவியலைக் கிளறினாள். உடைந்த பிரிண்டர்களுக்கு அடியில் அந்தக் கேபினெட் கிடந்தது.

பழைய காலத்துக் கம்ப்யூட்டர் கேபினெட். இப்போது கடையில் விற்பதெல்லாம் விரலால் அமுக்கினாலே நெளிகிற தகரம். இது நல்ல கனத்த இரும்பு. பக்கவாட்டில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன. மேல் தகட்டில் ஒரே இடத்தில் சின்னச் சின்ன நசுங்கல்கள். யாரோ எதையோ வைத்து அதே இடத்தில் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"இது எங்க இருந்துண்ணே வந்துச்சு?"

"ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸ்ல இருந்து. இப்ப அந்தக் கம்பெனி இல்ல" என்றார் பேப்பரை விலக்காமலே. எங்கள் பக்கம் இல்லாமல் போன கம்பெனியைப் பற்றி யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

ஓவியா நாரணாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைகிறவள். இந்தத் தடவை பிரஸ் முதலாளியின் மகள் கீர்த்திகா பெரிய வேலையாகக் கொடுத்திருந்தாள். வடக்கத்திப் பார்ட்டிகளுக்குக் காட்ட, புது கிஃப்ட் பாக்ஸ் ஒன்று தானாகத் திறந்து, உள்ளிருந்து வெடிகள் எழும்பி வருகிற மாதிரி ஒரு அனிமேஷன். திங்கட்கிழமை காலைக்குள் கொடுத்துவிட்டால் வருஷம் பூராவும் ஆர்டர். அவளுடைய பழைய கம்ப்யூட்டரோ எங்கள் ஊர் வெயிலில் பாதி வேலையிலேயே சூடாகி அணைந்து போனது. காற்று சரிப்படாது, தண்ணீர்தான் வழி என்று முடிவு செய்திருந்தாள். தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை இழுக்கிற கம்ப்யூட்டர். அந்தப் பம்பையும் ரேடியேட்டரையும் தாங்கத்தான் இந்த இரும்பு.

அவளுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. அம்மா முருகம்மாளை மறுபடியும் வெடிமருந்து அடைக்கிற அறை வேலைக்கு வரச்சொல்லி ஒரு கம்பெனி ஏஜென்ட் நடையாய் நடந்துகொண்டிருந்தான். "இந்த ஆர்டர முடிச்சுட்டேன்னா நீ போகக் கூடாது" என்று ஓவியா சொல்லியிருந்தாள். "முடி, பாப்போம்" என்றிருந்தாள் அம்மா. முடிக்காவிட்டால் திங்கட்கிழமை வண்டி வரும், அம்மா ஏறிவிடுவாள். அம்மா ஏறிப் போகிற அந்த வண்டியை ஓவியா சின்ன வயதிலிருந்து வெறுத்தாள்.

முற்றத்தில் வைத்து இரும்பு அறுக்கிற கிரைண்டரால் முன்பக்கத்தை வெட்டினாள். பக்கத் தகட்டைச் சதுரமாக அறுத்தெடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்தாள். பொட்டுகளைச் சுரண்டிக் கறுப்புப் பெயின்ட் அடித்தாள். சந்து பொந்துகளிலிருந்து ஒரு சாம்பல்நிறப் பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது. தூசிதானே என்று துடைத்துப் போட்டாள். வேலை முடிந்து பார்த்தால் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வெள்ளியாக மின்னின.

முருகம்மாள் அந்தக் கைகளைப் பார்த்ததும் கொதித்துப் போனாள்.

"ஏட்டி, அலுமினியப் பொடிடி இது! இந்தக் கை ஒனக்கு வரக்கூடாதுன்னுதான நான் அம்புட்டுப் பாடு பட்டேன்? போயி சோப்புப் போட்டுக் கழுவு."

கழுவினாள். போகவில்லை.

போர்டுகளைத் தொடுமுன் ஓவியா கேபினெட்டின் இரும்பில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். உடம்பில் இருக்கிற கரண்டு இறங்குவதற்கு. அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "நாங்களும் இப்பிடித்தான். செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் மருந்து ரூமுக்குள்ள கால வைப்போம். தொடாம உள்ள போகக் கூடாது. தொட்டுட்டு வெளிய நிக்கவும் விடமாட்டான், பாவி."

"யாரு?"

"பலவேசம். எங்க போர்மேன்." அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் காலை டியூபில் ஊற்றிய சுத்தமான தண்ணீர் சாம்பல்நிறமாக இருந்தது. ஓவியா அதைக் கொட்டிவிட்டு, கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினாள். மத்தியானத்துக்குள் அதுவும் நிறம் மாறியது. வீட்டில் கந்தக வாடை. தெருவிலிருந்து வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினாள். வாடை அதிகமானது.

ஒன்று சொல்ல வேண்டும். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. பட்டாசுக் கம்பெனியில் பொழுது சாய்ந்தால் வேலை கிடையாது. விளக்கு வைத்துக்கொண்டு மருந்தில் கை வைக்க முடியாதே. அந்த வீட்டில் ராத்திரியெல்லாம் நிம்மதியாகத் தூங்கினார்கள். காலையில் ஊருக்குள் கம்பெனி வண்டிகள் கிளம்பிப் போன பிறகுதான் ஆரம்பித்தது.

டங். டங்.

இரும்பின் மேல் தகட்டை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். ஓவியா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கழன்றிருக்கவில்லை.

அடுப்படியில் பாத்திரம் விழுந்து உருண்டது. முருகம்மாள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"இத எங்கருந்துடி எடுத்துட்டு வந்த?"

ஓவியா சொன்னாள். முருகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பலவேசம் ஆபீஸில் உட்கார்ந்து கேமராவில் எல்லா அறைகளையும் பார்த்துக்கொண்டே இருப்பானாம். எந்த அறையில் கை தணிகிறதோ, சாவிக் கொத்தால் கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டுவானாம். மைக் வழியாக அந்தச் சத்தம் அறைக்குள் கேட்டதுமே கைகள் தானாக வேகம் பிடிக்கும். ஒரு அறைக்கு நாலு பேர். அதற்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம், குறையக் கூடாது என்பது பலவேசம். ஓவியாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் அம்மா சொல்லாமல் லீவு போட்டாள். அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர்தான். ஏன் வேலை நகரவில்லை என்று அதட்ட பலவேசமே எழுந்து போனான். போய் வாசலில் நின்றபோதுதான் வெடித்தது. அந்த மூன்று பேரும் அவனும் அதிலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

"தூக்கிப் போட்டுருடி" என்றாள் அம்மா.

"போட்டா நீ திங்கக்கிழம வண்டியேறுவ. போடமாட்டேன்" என்றாள் ஓவியா. பயம் இருந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ரெண்டரிங் போட்டாள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாக வரைந்து தள்ளும், கடைசியில் எல்லாவற்றையும் கோத்தால் பெட்டி அசையும். முதல் படங்களில் கிஃப்ட் பாக்ஸ் அழகாக வந்தது. மூடி திறந்தது. அவளுக்கு நிம்மதி வந்தது.

உச்சி வெயில் ஏறியபோது படத்திலிருந்து பெட்டி காணாமல் போனது.

திரையில் சுண்ணாம்பு அடித்த ஒரு சின்ன அறை. எதிரெதிரே இரண்டு வாசல், இரண்டுமே திறந்து கிடந்தன. தரையில் மூன்று பெண்கள் குனிந்து குழாய்களில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது இடத்தில் சாக்கு மட்டும் விரித்திருந்தது.

அடுத்த படம். பெண்களின் தலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

அடுத்த படம். வாசலில் ஒரு ஆள். கையில் சாவிக் கொத்து.

ஓவியா பிளக்கைப் பிடுங்கினாள்.

பம்ப் நிற்கவில்லை.

டங். டங். டங்.

"முருகம்மா..." ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த குரல், அவசரமே இல்லாமல். "ரூம்ல ஒரு ஆளு குறையுது. லோடு நிக்குது. வா."

பின்னால் காலடி கேட்டது. அம்மா வந்துகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. உள்ளங்கையை விரித்துக் கேபினெட்டை நோக்கி நீட்டியிருந்தாள், செம்புத் தகட்டைத் தொடப் போகிறவர்கள் நீட்டுகிற மாதிரி. தொட்டுவிட்டால் உள்ளே போய்விடுவாள் என்று ஓவியாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். அது கொதித்தது. இழுக்க முடியவில்லை. விரல் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, பிறகு ஒரு விரற்கடை.

"ஏய்யா!" ஓவியா ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்தினாள். "எங்கம்மா லீவு போட்டது எனக்காக. காய்ச்சல் வந்தது எனக்கு. கேக்கணும்னா என்னயக் கேளு. எங்கம்மா வரமாட்டா. இன்னைக்குமில்ல, என்னைக்குமில்ல!"

சத்தம் நின்றது.

பம்பும் நின்றது.

"அப்ப நீ வா" என்றது குரல்.

முருகம்மாளின் கண்ணில் பார்வை திரும்பியது. நீட்டிய கையை அவளே இழுத்துக்கொண்டாள்.

"யாரக் கூப்புடுற? எம்மகளயா கூப்புடுற?"

மேஜை மேல் ஓவியா பார்ட்டிகளோடு பேசுகிற ஹெட்செட் கிடந்தது. முருகம்மாள் அதைப் பறித்து மைக்கை வாயருகே பிடித்தாள். அவள் வேலை பார்த்த காலமெல்லாம் மைக் அவன் கையில்தான் இருந்தது. இப்போது கிடைத்த மைக்கில் அவள் பலவேசத்தைக் கூப்பிடவில்லை.

"ராக்காயி மதினி! ரோஜா! அடியே மாரிச்செல்வி! நான்தான் முருகம்மா பேசுறேன். மருந்து சூடாயிருச்சுடி. அன்னைக்கே கையில தெரிஞ்சிருக்கும்ல ஒங்களுக்கு? சொல்லியிருப்பீக. இவன் லோடுன்னுருப்பான். செஞ்சது கெடக்கட்டும், எந்திரிங்க. அந்தப் பக்கத்து வாச தொறந்துதான் கெடக்கு. வெளிய வாங்கடி!"

திரையில் ஒரு படம் மாறியது. மூன்று பேரின் கைகளும் நின்றிருந்தன.

டங். டங். டங். டங். கேபினெட்டின் கண்ணாடி அதிர்ந்தது.

"தட்டட்டும். கெடக்கான். நீங்க வாங்க."

அடுத்த படத்தில் ராக்காயி எழுந்திருந்தாள். அதற்கடுத்ததில் மூவரும். பிறகு எதிர் வாசலில் ஒரு சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. வெறும் சாக்குகளுக்கு முன்னால் பலவேசம் சாவிக் கொத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது அந்த ரூமில் நாலு ஆளும் குறைந்தது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாத முகம் அது. அந்த முகம் வெளிறி, சுண்ணாம்புச் சுவரோடு சுவராக மறைந்து போனது.

ஓவியா பிளக்கைத் திரும்பச் சொருகினாள். டியூபில் தண்ணீர் தெளிந்து ஓடியது. கிஃப்ட் பாக்ஸ் விட்ட இடத்திலிருந்து திறந்தது. அன்று பொழுது சாயும்போது கடைசிப் படமும் முடிந்து, கோத்து அனுப்பியதும், கீர்த்திகாவிடமிருந்து "சூப்பர்டி" என்று பதில் வந்தது. அந்தக் கேபினெட்டை எடைக்குப் போட ஓவியாவுக்கு மனசில்லை. வெட்டியதும் ஒட்டியதும் அவள். எவனோ தட்டினான் என்பதற்காக அது அவனுடையதாகிவிடுமா?

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமல் தெருவில் வண்டி ஹாரன் அடித்தது. ஏஜென்ட் காளிராஜ் இறங்காமலே ஜன்னல் வழியாகக் கத்தினான்.

"முருகம்மாக்கா! வண்டி நிக்குது, வெரசா வாங்க!"

முருகம்மாள் வாசல் நடையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் வரல."

"நானும் வரல" என்றது அடுப்படியிலிருந்து ஒரு கட்டைக் குரல்.

"நானுந்தான்."

"போடா, யாரும் வரல."

கூடத்தில் நின்றிருந்த ஓவியா சட்டென்று திரும்பினாள். அவள் நின்ற இடத்திலிருந்து அடுப்படி முழுசாகத் தெரிந்தது. அங்கே யாரும் இல்லை.

காளிராஜ் கழுத்தை நீட்டி வீட்டுக்குள் பார்த்தான். "உள்ள யாருக்கா? விருந்தாளிகளா?"

"என் ரூம்காரிகடா" என்றாள் முருகம்மாள், இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே.

வண்டி கிளம்பிப் போனது. அடுப்படியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.