உள்பக்கக் கைப்பிடி

முந்தின நாள் பொருத்திய பித்தளைக் கைப்பிடிகளின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள், கதவுக்கு வெளிப்பக்கம் அப்படியே இருந்தது. உள்பக்கம் மட்டும் உரிந்து கிடந்தது. உரிந்ததுகூடப் பரவாயில்லை. பித்தளை தேய்ந்திருந்தது. வருஷக்கணக்காக ஆள் மாற்றி ஆள் திருகிய கைப்பிடி நடுவில் மழுங்கி வெளுத்துப்போயிருக்குமே, அந்த மாதிரி.

சின்னவன் அறை அறையாகப் போய்ப் பார்த்தான். எல்லாக் கதவும் அதே கதைதான்.

"ராத்திரி பேய் வந்து பாலிஷ் போட்டுச்சாக்கும்!" மேஸ்திரி சிரித்தார். "பழைய சரக்கை நம்ம தலையில கட்டிட்டானுங்கடா. கடைசி ரூம் ஒண்ணுதானே பாக்கி? சீக்கிரம் முடிச்சிட்டு வா. வேன் போயிடுச்சுன்னா அப்புறம் நடராஜா சர்வீஸ்தான்."

ஒரு காலத்தில் பட்டாளம் இருந்த கட்டடம் அது. இப்போது கலை மையமாக மாறிக்கொண்டிருந்தது. துப்பாக்கிக் கிடங்கு நூலகமாகிவிட்டது. நிலவறையில் ஆட்களைப் பூட்டிவைத்திருந்த அறைகள், பிள்ளைகள் பாட்டுப் பழகும் அறைகளாகப் போகின்றன. சுவர்கள் அவ்வளவு கனம், உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் தெருவுக்குக் கேட்காது, இதைவிட வசதி எங்கே கிடைக்கும் என்று பொறியாளர் பூரித்துப்போனார். கதவுகளும் நல்ல வைரம் பாய்ந்த மரம். ஒரே ஒரு குறை, எதற்கும் உள்பக்கம் கைப்பிடி கிடையாது. அதை மாட்டத்தான் தச்சுவேலை தெரிந்த சின்னவனைக் கீழே அனுப்பினார்கள்.

அம்மாவிடம் அவன் பள்ளிக்கூடக் கட்டடம் என்றுதான் சொல்லியிருந்தான். பட்டாளம் என்ற சொல்லை அவள் காதில் போட முடியாது. ஊரில் அண்ணனை, "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்" என்று கூட்டிப்போனவர்கள் பட்டாளத்துக்காரர்கள். அண்ணன் செருப்புக்கூடப் போடவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஏறி இறங்காத முகாம் வாசல் இல்லை. யாராவது கேட்டால் இன்றைக்கும், "பெரியவன் வெளிய போயிருக்கான், வந்துடுவான்" என்பாள். அவளுக்குச் சோறு போடவென்று சின்னவன் கடல் தாண்டி வந்து, கடைசியில் இப்படிப்பட்ட கதவுகளுக்கு முன்னால் வந்து நின்றான்.

கடைசி அறைக் கதவில் வெளிக் கைப்பிடியை மாட்டி, உள்கைப்பிடிக்குத் துளை போட்டு, சரியாக மூடுகிறதா என்று வெளியே நின்று கதவைச் சாத்திப் பார்த்தபோது, படிக்கட்டு வழியாக, மேலே ஏணிகளை மடக்கும் சத்தமும் யாரோ இருமும் சத்தமும் வேன் கதவு இழுபடும் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு அடங்கின. அவனை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வயரில் தொங்கிய ஒற்றை பல்பின் கீழ் நீண்டு கிடந்த நடையில் புதுப் பெயிண்ட் வாசனை மூக்கை அடைத்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஈரத் துணி. வியர்வை. ஜன்னல் இல்லாத இடத்தில் நிறையப் பேர் ரொம்ப நாள் மூச்சு விட்டால் வருகிற வாடை.

மனசைத் திருப்ப அம்மாவுக்குக் குரல் பதிவு அனுப்பினான். "அம்மா, வேலை முடியப்போகுது. இங்க நல்ல குளிர். மாத்திரை போட்டியா?"

உடனே போன் அடித்தது.

"சின்னவனே, உனக்குப் பின்னாடி யார்டா கதவைத் தட்டுறது?"

"யாரும் தட்டலையே. மேஸ்திரி சுத்தியல்ல எதையாவது அடிச்சிருப்பாரு" என்று சமாளித்தான்.

"சுத்தியல் சத்தம் எனக்குத் தெரியாதா? ஒரு கீறல், ரெண்டு தட்டு."

அப்பா தூங்கிய பிறகு வீடு திரும்பும் அண்ணன் அப்படித்தான் தட்டுவான். நகத்தால் ஒரு கீறல். மெதுவாக இரண்டு தட்டு. அம்மாவுக்கு மட்டும் கேட்கும்.

"அம்மா, இது வேற நாடும்மா."

"பள்ளிக்கூடத்துல எதுக்குடா அவனை அடைச்சு வச்சிருக்காங்க?" அம்மாவின் குரல் உடைந்தது. "திறடா. குளிர்ல நிக்கிறான்."

அப்போது அவனுக்கும் கேட்டது. அந்தக் கடைசி அறையிலிருந்து. உள்கைப்பிடி இன்னும் மாட்டாத ஒரே அறை.

கீறல் மாதிரி ஒன்று. ஆனால் மெத்தென்று. துணியால் தேய்ப்பது போல. பிறகு தட்டு. தட்டு.

திறந்தான்.

இருட்டு. யாரும் இல்லை.

"போனை அவன்கிட்ட குடு."

"இங்க யாருமே இல்லம்மா."

"குடுடா!"

கையை நீட்டினான். இருட்டுக்குள் மணிக்கட்டு வரை போயிற்று. ஜில்லென்ற விரல்கள் அவன் விரல்களைத் தொட்டன. பிடுங்கவில்லை. தடவித் தடவி, பூப்போல வாங்கிக்கொண்டன. அந்த விரல்களுக்கு நகம் இல்லை. ஒன்றில்கூட.

போன் வெளிச்சம் மெல்ல மேலே ஏறியது. அவனைவிட ஒரு தலை உயரத்தில் நின்றது. அண்ணனுக்குக் காது இருக்கும் உயரம்.

"சாப்பிட்டியாடா?" என்றாள் அம்மா.

பதில் சின்னவனுக்குக் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும். அழுதாள். சிரித்தாள். "செருப்புகூடப் போடாமப் போயிட்டியேடா" என்றாள்.

சின்னவனுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. திரும்பினான்.

கைப்பிடிகள். அவன் கையால் மாட்டியவை. நடையின் கோடி வரை, ஒவ்வொன்றாக, உள்ளேயிருந்து திரும்பின. கதவுகள் திறந்தன. வாடை வந்தது. வெறுங்கால்கள் தரையில் உரசும் சத்தம். யாரும் தள்ளவில்லை. முண்டியடிக்கவில்லை. அவனை உரசிக்கொண்டு போய், கடைசி அறை வாசலில் வரிசையாக நின்றார்கள்.

பல்பு அணைந்தது.

போன் வெளிச்சம் மட்டும். அது ஒரு கையிலிருந்து இறங்கி, இன்னொரு கைக்குப் போனது. இன்னும் குள்ளமான ஒரு காதுக்கு.



பிறகு அந்தச் சின்ன வெளிச்சத்திலிருந்து, மிக மெதுவாக அவள் குரல் வந்தது.

"அழாதப்பா... நீ யாரு பெத்த புள்ள?"