பனி இல்லாத ஊர்

காலை எட்டு மணிக்கே சாப்பாட்டு மேசையில் சண்டை தொடங்கிவிட்டது. சண்டை பனியைப் பற்றி.

"பனி மட்டும் இருந்தா போதுமா? எட்டு மணியானா ஊரே கதவைச் சாத்திக்குது. அதுக்கப்புறம் ரூம்ல உக்காந்து சுவத்தையா பாக்குறது?" என்றான் கொழுந்தன். அவன் நீட்டிய செல்போனில் வண்ண விளக்குகள் சுழலும் நடனக் கூடம் ஒன்று தெரிந்தது. "இங்க பாருங்க. ஏரிக்கரை, பாட்டு, டான்ஸ். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தெரு முழுக்க ஜனம்."

"போறது பனிச்சறுக்குக்கு. பனி இல்லாத ஊர்ல எங்கடா சறுக்குவ, டான்ஸ் ஆடுற தரையிலயா?" என்று மூத்தவன் எரிந்து விழுந்தான்.

அடுப்பருகே நின்று ஐந்தாவது முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள் அவள், அந்த மூத்தவனின் மனைவி. பிறந்த வீட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. இந்த வீட்டுக்கு வந்த பதினைந்து வருடங்களில் அது 'அண்ணி'யாகவும் 'இந்தா'வாகவும் தேய்ந்துவிட்டது. அவள் வேலை பார்ப்பது ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில், அதிலும் குளிர்காலப் பயணங்களுக்கான மேசையில். எந்த மலையில் எத்தனை அடி பனி கிடக்கிறது, எந்த விடுதியில் வெந்நீர் வராது, எல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. ஊரே அவளிடம் வந்து கேட்டுப் போகும். வீட்டில் மட்டும் யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. போன வருடத்திலிருந்து இப்படித்தான்.

நாத்தனார் மேசையின் மறுகோடியில், ஒரு காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணவனுக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளித் தனியாகக் குடியிருப்பவள், பொது நீச்சல் குளத்தில் இருபது வருடம் பயிற்சியாளராக இருந்தவள். போன வருடப் பயணத்தில் முழங்காலில் சவ்வு கிழிந்தபின், அதே குளத்தின் வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அலமாரிச் சாவி எடுத்துக் கொடுக்கிறாள்.

"அம்மா, காபி இன்னும் கொஞ்சம் இருந்தா ஊத்தச் சொல்லு," என்றாள் நாத்தனார், தன் தாயிடம். காபிப் பாத்திரம் இருந்தது அடுப்பருகே நின்றவள் கையில். ஒரு வருடமாக நாத்தனாரின் பேச்சு இப்படி அம்மா வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அவள் பேசாமல் ஊற்றினாள்.

"எதுக்கு இவ்வளவு வாக்குவாதம்?" என்று சிரித்தான் கொழுந்தன். "எந்த ஊரா வேணா இருக்கட்டும். அண்ணி கையில மட்டும் குடுக்காதீங்க. போன வருஷம் பட்டது போதாதா?"

மாமியார் சிரித்தாள். கணவன் சிரிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு ஏழு மாதமே ஆன ஓரகத்தி, ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அண்ணிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

ஏனென்றால் போன வருடம் அவள் எடுத்தது, இதே மாதிரி ஏரிக்கரையில் இருந்த அந்தக் கீழ் ஊரை அல்ல. மேலே, மலை உச்சிக்குக் கீழே இருக்கும் சிறிய ஊரைத்தான் எடுத்திருந்தாள். ஆளை மூழ்கடிக்கும் பனி, முதல் தடவை சறுக்குகிறவர்களுக்கு மெத்தை போன்ற சரிவு. மாமியாருக்குக் கண் அறுவை நடந்த அன்று அவள் விடுப்பில் இருந்தபோது, கொழுந்தன் அவள் அலுவலகத்துக்குப் போன் செய்து, "அண்ணி மாத்தச் சொன்னாங்க" என்று சொல்லி ஊரை மாற்றிவிட்டான். இப்போது ஓரகத்தியாக இருக்கும் பெண் அந்தப் பயண வாரத்தில் தன் தோழிகளோடு கீழ் ஊரில் தங்கவிருந்தாள். அவள் ஆடும் இடத்தில் தானும் ஆட வேண்டும் என்பதுதான் காரணம்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் அண்ணிக்குத் தெரிந்தது. மேல் ஊரில் அறைகள் எல்லாம் போயிருந்தன. "சொல்லிடாதீங்க அண்ணி... அக்காதான் அம்மாகிட்ட எங்க கல்யாணத்துக்குப் பேசிக்கிட்டு இருக்கா. இது தெரிஞ்சா கைவிட்டுடுவா," என்று அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பதினோரு வயதில் அவள் கைச்சோறு தின்ன ஆரம்பித்தவன். "நான்தான் இந்த ஊரை எடுத்தேன்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அங்கே மூன்று நாள் மழை. அதன்மேல் இயந்திரம் தூவிய பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. நாத்தனார் முதல் சரிவிலேயே விழுந்தாள்.

"என்ன சொன்ன?" என்றாள் அவள். தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சும்மா தமாஷுக்கு அண்ணி..."

"தமாஷா? சரி. போன வருஷம் அந்த ஊரை எடுத்தது யாருன்னு நீயே சொல்லு. தமாஷாவே சொல்லு."

கொழுந்தனின் சிரிப்பு அப்படியே நின்றது. செல்போனைக் கவிழ்த்து வைத்தான். தொண்டையைச் செருமினான்.

"அவன்கிட்ட ஏன் பாயற?" என்று கணவன் குரலை உயர்த்தினான். "செஞ்சது நீ. நானும் ஒரு வருஷமா பாக்குறேன், அக்காகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டியா? இந்தத் தடவை கிளம்பறதுக்கு முன்னாடி கேக்கணும். எல்லார் முன்னாடியும்."

"கேக்க மாட்டேன்."

"என்ன திமிர் பாரு," என்றாள் மாமியார்.

"ஆமா அத்தை, திமிர்தான். இத்தனை நாள் இல்லாம இருந்ததுதான் தப்பு."

அடுப்பை அணைத்தாள். முட்டை கருகியிருந்தது. அதைத் தட்டில் போட்டுக் கணவன் முன்னால் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நண்பகலில் அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்தாள். கையில் ஊன்றுகோல். லிஃப்ட் பழுதாகி ஒரு வாரமாகிறது. அந்தக் காலோடு இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறாள். நெற்றியெல்லாம் வியர்வை. நேராக அவள் மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"உன்கிட்டதான் பேச வந்தேன்."

ஒரு வருடத்தில் முதல் முறையாக, நடுவில் அம்மா இல்லாமல் வந்த வார்த்தை.

"இருபது வருஷம் பசங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தவ நான். தண்ணிக்குள்ள யாருக்கு மூச்சு முட்டுதுன்னு கரையில நின்னே கண்டுபிடிச்சிடுவேன். காலையில நீ கேட்டப்ப தம்பி மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு. என்ன நடந்ததுன்னு சொல்லு."

"அவனையே கேளுங்க அக்கா."

"உன்னைத்தான் கேக்குறேன்."

அவள் போன வருடக் கோப்பைத் திறந்து, கணினித் திரையை நாத்தனார் பக்கம் திருப்பினாள். தேதி, நேரம், பக்கத்து மேசைக்காரர் எழுதி வைத்த ஒரு வரி: கணவரின் தம்பி தொலைபேசியில் சொன்னபடி ஊர் மாற்றப்பட்டது.

நாத்தனார் இரண்டு தடவை படித்தாள். "இது அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்த அன்னிக்கு. நீயும் நானும் ஆஸ்பத்திரியில இருந்தோம்."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

அவள் சொன்னாள். கல்யாணப் பேச்சு, அவன் அழுதது, தான் ஒப்புக்கொண்டது எல்லாம். சொல்லி முடித்ததும் நாத்தனார் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்தாள். நாத்தனாரின் முகம் இறுகிப்போனது.

"கீழ் ஊர்ல பனி சரியில்லன்னு உனக்குத் தெரியும்ல?"

"...தெரியும்."

"தெரிஞ்சும் என் காலை அதுல வைக்க விட்ட. அவன் கல்யாணத்தைக் காப்பாத்தின, சரி. என்னை யார் காப்பாத்தறது? காலை உடைச்சது அவன்னா, வாயை மூடிக்கிட்டு நின்னது நீ. நல்லவள்னு பேர் எடுக்கவா அது?"

"நல்ல பேரா?" அவள் குரல் உடைந்தது. பக்கத்து மேசைகளில் தட்டச்சு ஒலி நின்றது. "எந்தப் பேர் அக்கா எனக்கு மிச்சம் இருக்கு? பயமா இருந்துச்சு, தப்புப் பண்ணிட்டேன். நீங்க விழுந்த சத்தம் இன்னும் காதுல கேக்குது. ஆனா நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா? ஏன் இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை? கேட்டிருந்தா அன்னிக்கே கொட்டியிருப்பேன். திட்டினீங்க, ஜாடை பேசினீங்க, உப்புக்கும் காபிக்கும் அம்மாவைத் தூது விட்டீங்க. கேக்க மட்டும் இல்ல. என் வீட்டுக்காரர்கூடக் கேக்கல."

பக்கத்து மேசைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு அவசரமாக நகர்ந்தார். யாரும் அதைத் தொடவில்லை.

கடைசியில் நாத்தனார் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். "அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வரேன். அவன் எங்கயும் போகாம பாத்துக்கோ."

ஐந்து மணிக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நாத்தனார் உட்காரவில்லை. தம்பியின் எதிரில் நின்று, "சொல்லுடா," என்றாள்.

அவன் அண்ணியைப் பார்த்தான். பழைய பார்வை. எதையாவது உடைத்துவிட்டு அவள் முந்தானைக்குப் பின்னால் வந்து நிற்கிற பதினோரு வயதுப் பார்வை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், உதவவும் செய்யாமல், அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...நான்தான் மாத்தினேன்," என்றான்.

முதலில் எழுந்தது ஓரகத்தி. "என்கிட்ட என்ன சொன்னீங்க? அண்ணிதான் தெரியாத்தனமா எடுத்தாங்கன்னு. நானும் ஏழு மாசமா அவங்களை அந்தக் கண்ணாலதானே பாத்தேன். எனக்காக மாத்தினேன்னு இப்ப சொல்லாதீங்க. நான் கேக்கல." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சின்னப் பையன்... வயசுல ஏதோ ஆசைப்பட்டுட்டான்," என்று மாமியார் முனகினாள்.

"இருபத்தாறு வயசும்மா அவனுக்கு," என்றாள் நாத்தனார். "நான் சாவி குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். உனக்கு அவன் சின்னப் பையன்."

கணவன் எழுந்து, யாரையும் பார்க்காமல், "சரி விடுங்க. நடந்தது நடந்துபோச்சு. முடிஞ்சுது," என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு வருஷமா முடியாதது இன்னிக்கு எப்படிங்க முடிஞ்சுது? குத்தவாளி நான்னா ஒரு வருஷம். உங்க தம்பின்னா ஒரு நிமிஷமா?"

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன் அவன். அடுத்தவர் பார்வையில் மயிரிழைக் குறையையும் அளந்து சொல்லிவிடுவான். அப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான்.

படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் பிறகு வந்து, "தப்புத்தான்... மன்னிச்சுடு," என்று மெல்லச் சொன்னான்.

"என்னைத் திட்டினது எங்க வச்சு?"

"என்ன?"

"எல்லார் முன்னாடியும் கேக்கணும்னு காலையில சொன்னீங்க. அதேதான் நானும் சொல்றேன்."

மறுநாள் காலை அதே மேசையில், தாயும் தம்பியும் தம்பி மனைவியும் அக்காவும் இருக்க, அவன் எழுந்து நின்று சொன்னான். "ஒரு வார்த்தை கேக்காம அவளைக் குத்தவாளியாக்கினேன். தப்பு என்னோடது." வார்த்தைகள் தடுக்கித் தடுக்கி வந்தன. அவள் தலையை மட்டும் அசைத்தாள். கொழுந்தன் அவள் காலருகே உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "எழுந்திரு. என்கிட்ட அப்புறம் சொல்லலாம். முதல்ல அக்காவை வாரம் மூணு நாள் கால் சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போ. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்கெல்லாம் அவங்க தனியா ஏறக் கூடாது," என்றாள்.

"ஊர் இன்னும் முடிவாகலயே," என்றாள் நாத்தனார் திடீரென்று. எல்லோரும் திரும்பினார்கள். அவள் பேசியது மூத்த தம்பியின் மனைவியிடம் நேராக. "எனக்கு இனிமே சறுக்கல் இல்ல. எனக்கு வேண்டியது பாட்டும் ஜனமும். நீ பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவையாவது சறுக்கியிருக்கியா?"

இல்லை. ஒவ்வொரு பயணத்திலும் ஈரக் காலுறைகளை உலர்த்தியதும், எல்லோர் பைகளுக்கும் காவல் இருந்ததும்தான் அவள் கண்ட பனி.

"அப்ப உனக்குப் பனி, எனக்குப் பாட்டு. ரெண்டும் இருக்கிற ஊரா எடு. நாம ரெண்டு பேர் மட்டும். அம்மாவை இவங்க பாத்துக்கட்டும்."

அப்படி ஒரு ஊர் இருந்தது. பள்ளத்தாக்குக்கு மறுபுறம், நடு உயரத்தில். அவள் விடுதிக்கே போன் செய்து, நேற்று விழுந்த பனி எத்தனை அடி என்று கேட்டாள். கூடத்தில் இசைக்குழு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டாள். மேடைக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார வசதியான சோபா உண்டா என்றும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் இருவரும் போனார்கள். முதல் நாள் அவள் எட்டுத் தடவை விழுந்தாள், எட்டுத் தடவையும் மெத்தையில் விழுந்தது போலத்தான். மாலை, உடம்பெல்லாம் வலியோடு கூடத்துக்குள் வந்தபோது இசைக்குழு வாசித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் மேடையருகே சோபாவில் உட்கார்ந்து, நல்ல காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நாலைந்து ஜோடிகள் ஆடினார்கள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் நாத்தனாரின் கால் நின்றது.

"உன் மேல எனக்குக் கோபம் இன்னும் போகல," என்றாள்.

"எனக்கும் போகல அக்கா."

"போகாது. கொஞ்ச நாள் ஆகும்." நாத்தனார் ஊன்றுகோலைச் சோபாவில் சாய்த்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். "எழுப்பிவிடு. உக்காந்து உக்காந்து வெறுத்துப்போச்சு."

அவள் எழுப்பினாள். நாத்தனார் தன் எடையை முழுக்க அவள் தோளில் சாய்த்து நின்றாள். ஆட்டம் என்று சொல்ல முடியாது. இருந்த இடத்திலேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக அசைந்தார்கள். அவள் கழுத்தோரம் ஈரமாகியது. நாத்தனார் அழுகிறாள் என்று புரிந்ததும் அவளுக்கும் அடக்க முடியவில்லை.

"கேட்டிருக்கணும்டி," என்றது தோளுக்குள் அந்தக் குரல். "ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருக்கணும்."

"சொல்லியிருக்கணும் அக்கா," என்றாள் அவள், நாத்தனாரின் இடுப்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.