சுவர் செங்குத்தாகவே இருக்கட்டும்

"கடலை வெளியிலேயே விட்டுட்டு வரக்கூடாதா சார்?"

கடல் ஆய்வு மையத்தின் வாசலில், மழைக்கு ஓடிவந்து ஒதுங்கியவள் கேட்டாள். பக்கத்தில் வந்து நின்றவன் தோளில் கிடந்த ஈரக் கயிறு அவளுடைய புதுச் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்க... பாதிக் கடல்தான் வந்திருக்கு. மீதி கப்பல்லயே இருக்கு."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம்... தூக்கத்தைத் தொலைத்த கண்கள். அவளைப் பார்த்ததும் அந்தக் கண்கள் நன்றாகவே விழித்துக்கொண்டன!

"இங்க பள்ளத்தாக்கு மேடம்னு ஒருத்தங்க இருக்காங்களாமே? மூக்கு மேல கோபம் வருமாம்..."

"வரும். நான்தான்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

கடலுக்கு அடியிலும் பெரிய பெரிய பள்ளத்தாக்குகள் உண்டு. அவற்றைச் சுற்றி நீரோட்டம் எங்கே வளையும், எங்கே ஏறும் என்று கணினிக்குள் ஒரு கடலை ஓடவிட்டுப் பார்ப்பது அவள் வேலை. அவனும் ஆய்வாளன்தான், ஆனால் அவனுடையது நிஜக் கடல். பள்ளத்தாக்கின் வாயில் அவன் இறக்கியிருந்த கருவி, ஒரு வருட ஓட்டத்தை அளந்து முடித்த சமயம் பார்த்துக் கம்பி அறுந்து போய்விட்டது. இடம் சொல்லும் சிக்னலும் செத்துவிட்டது. மிதவை மேலே, கருவி ஆழத்தில் தொங்க, எங்கோ அலைந்துகொண்டிருக்கிறது. இந்த வாரக் கடைசியில் கப்பல் வேறு கடலுக்குக் கிளம்புகிறது... அவனும்தான். அதற்குள் கிடைக்காவிட்டால் அவனுடைய ஒரு வருட உழைப்பு கடலில் கரைத்த பெருங்காயம்.

அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள். "நேரா தெற்க போயிருக்கும். நடுக்கடல்ல தேடுங்க."

போனான். மறுநாள் காலை வெறுங்கையோடு வந்து நின்றான்.

"மேடம்... உங்க கம்ப்யூட்டர் கடல்ல தண்ணி இருக்கா, இல்ல வெறும் கலர்தானா?"

சுருக்கென்றது அவளுக்கு. "என் கணக்கு தப்பாது. உங்க முடிச்சுதான் அவிழ்ந்திருக்கும்!"

அவன் ஆவி படிந்த ஜன்னலில் விரலால் ஒரு கோடு இழுத்தான். சமமாக வந்து, சட்டென்று கீழே விழுந்த கோடு.

"அங்க தரை இப்படித்தான் இறங்குது, சுவர் மாதிரி. அதை முதல்ல அளந்தப்போ பேச்சே வரல எனக்கு... அவ்வளவு அழகு." சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தன் கணினியைத் திறந்தாள்.

செங்குத்துச் சுவர் இருந்தால் கணக்கு தடுமாறும்; எண்கள் எகிறி, பாதியிலேயே நின்றுவிடும். அதனால் இந்தத் தொழிலில் எல்லாரும் சுவரைக் கொஞ்சம் தேய்த்துச் சரிவாக்கிக்கொள்வார்கள். அவள் தேய்த்தது கொஞ்சமா? பள்ளத்தாக்கே சாப்பாட்டுத் தட்டு மாதிரி கிடந்தது. அப்புறம் ஓட்டம் எங்கே வளையும்!

போனில் அக்காவைப் பிடித்தாள்.

"தப்பு என்மேலதான்கா. ஆனா நான் எப்படி அந்த ஆள்கிட்ட இறங்கிப் போறது?"

"எத்தனை பேர்கிட்ட குறை கண்டுபிடிச்சுத் தட்டிக்கழிச்சிருக்க! இப்பதான் முதல் தடவையா உன்கிட்ட ஒண்ணு கண்டுபிடிச்சிருக்க. போய்ச் சொல்லுடி... ஆமா, ஆளு எப்படி?"

போனை வைத்துவிட்டாள். கன்னம் ஏன் சுடுகிறது...?

மறுநாள் காலை, கொட்டும் மழையில் படகுத்துறையில் அவன் முன்னால் போய் நின்றாள்.

"சார், தப்பு என்னோடது. சுவரை ரொம்பத் தேய்ச்சுட்டேன். செங்குத்தா வெச்சு மறுபடி ஓட்டினேன். பள்ளத்தாக்கு மேல ஓட்டம் கரைப்பக்கம் திரும்புது. உங்க கருவி நமக்குப் பக்கத்துலயே சுத்திக்கிட்டிருக்கு."

"நம்பலாமா?"

"நானும் படகுல வரேன்."

"இதுக்கு முன்னாடி கடலுக்குப் போயிருக்கீங்களா?"

"...இல்ல."

அவன் சிரித்தே விட்டான். "போகாமலேயா இவ்வளவும் கண்டுபிடிச்சீங்க!" கேலி இல்லை அதில். வியப்புத்தான்... அவளுக்கு அது பிடித்திருந்தது.

மழை விட்டது. அலை தூக்கிப் போட்டதில் அவளுக்குக் குடல் வாய்க்கு வந்தது. அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான், கேலி பேசாமல். ஓரிடத்தில் கடலின் நிறம் மாறியது. அவள் குனிந்து கை நனைத்தாள்.

"ஐயோ... சில்லுனு இருக்கு! கீழேருந்து ஏறி வந்த தண்ணி இது... நிஜமாவே ஏறி வருது!" குழந்தை மாதிரி கூவினாள். கண்ணில் நீர் முட்டியது.

"அதோ!" என்றான் அவன். ஆரஞ்சு மிதவை அலைக்கு அலை தலையாட்டிக்கொண்டிருந்தது.

மேலே இழுத்துப் போட்டதும் அவள் முதலில் பார்த்தது முடிச்சைத்தான். இறுக்கமாக, அப்படியே இருந்தது. துருப்பிடித்த கம்பிதான் அறுந்திருந்தது.

"முடிச்சைப் பத்திச் சொன்னதுக்கும் மன்னிப்பு..."

"அதை விடுங்க. நாளைக்குக் கப்பல் கிளம்புது." கருவியைத் துடைத்தபடியே கேட்டான். "ஒரு கணக்கு போட்டுச் சொல்லுங்களேன். இங்கேருந்து போறவன்... எங்க வந்து சேருவான்?"

அவளுக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல ஆயிரம் வழி இருந்தது. ஒன்றையும் தொடவில்லை.

"இங்கதான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதைத் தேய்ச்சு, சரிவாக்கிச் சொல்ல... எனக்கு இஷ்டமில்ல."

அவன் துடைப்பதை நிறுத்தினான். முகமெல்லாம் சிரிப்பு.

"தேய்க்காதீங்க," என்றான். "சுவர் செங்குத்தாவே இருக்கட்டும். நான் கரைக்குத் திரும்பி வரணும்ல?"